அடுப்பங்கரைப் புகையும் ஆலைப் புகையும்

இந்தியாவில் 1990-க்கும் 2019-க்கும் இடையே இரண்டு கணக்குகள் எதிரெதிர்த் திசையில் நகர்ந்தன. வீட்டுக்குள் விறகும் வறட்டியும் எரிப்பதால் ஏற்படும் இறப்பு விகிதம் 64 சதவீதம் குறைந்தது. அதே காலத்தில் வெளிக்காற்றில் மிதக்கும் நுண்துகள்களால் ஏற்படும் இறப்பு விகிதம் 115 சதவீதம் கூடியது. ‘லான்செட் பிளானட்டரி ஹெல்த்’ இதழில் 2020 டிசம்பரில் வெளியான ஆய்வு தரும் எண்கள் இவை. 2019-ஆம் ஆண்டில் மட்டும் காற்று மாசு 16.7 லட்சம் இந்தியர்களைக் கொன்றது என்று அதே ஆய்வு மதிப்பிட்டது. அந்த ஆண்டு நாட்டில் நிகழ்ந்த மொத்த மரணங்களில் இது ஏறத்தாழ 18 சதவீதம்.

அந்த முப்பது ஆண்டுகள்தான் இந்தியா வேகமாக வளர்ந்த ஆண்டுகள். கூலி கூடியது, தார்ச்சாலை வந்தது, கிராமத்து வீட்டுக்குச் சிலிண்டர் வந்தது. கூடவே நிலக்கரி மின்நிலையங்களும் சிமென்ட் ஆலைகளும் செங்கல் சூளைகளும் கோடிக்கணக்கான வாகனங்களும் வந்தன. வளர்ச்சி நோயைக் குறைக்கும் என்று வாதிடுபவர் முதல் எண்ணைக் காட்டலாம். கூட்டும் என்று வாதிடுபவர் இரண்டாவதைக் காட்டலாம். இரண்டுமே சரி. ஆனால் இந்த இரண்டையும் பார்த்துவிட்டு, ‘இன்னும் கொஞ்சம் வசதி வரட்டும், காற்றும் தானாகத் தெளிந்துவிடும்’ என்று காத்திருக்கச் சொல்வது தவறு. வருமானம் உயர்ந்ததால் மட்டும் எந்த நாட்டிலும் காற்று தெளிந்ததில்லை. சட்டம் போட்டு, அதை நிறைவேற்றிய இடங்களில்தான் தெளிந்திருக்கிறது.

சமையலறையிலிருந்து பார்க்கலாம். ஜன்னல் இல்லாத சின்ன அடுப்பங்கரை. ஈரம் முழுதும் காயாத சீமைக்கருவேல விறகு. தீ பிடிக்கும்வரை ஊதுகுழலால் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். ஊதுகிற பெண்ணின் முகம் அடுப்பிலிருந்து ஒரு முழத் தூரத்தில்தான். மடியில் குழந்தை. உலை கொதித்து, சோறு வடித்து, குழம்பு இறக்கும்வரை கண்ணைக் கசக்கிக்கொண்டு அந்தப் புகைக்குள்தான் வேலை. சுவரும் கூரையும் கரியேறிக் கறுத்துக் கிடக்கும். அதே கரி மூச்சுக்குழாய்க்குள்ளும் போகிறது. பீடி, சிகரெட் பக்கமே போகாத பெண்களுக்கு ஐம்பது வயதில் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வருவதற்கும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் நிமோனியாவில் விழுவதற்கும் இந்த அடுப்பு ஒரு முக்கியக் காரணம் என்பதைப் பல நாடுகளின் ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன.

2016 மே 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் பலியாவில் தொடங்கப்பட்ட உஜ்வலா திட்டம் இதுவரை 10 கோடிக்கும் அதிகமான ஏழைக் குடும்பங்களுக்குச் சமையல் எரிவாயு இணைப்பு கொடுத்திருக்கிறது. இது பெரிய காரியம். அதைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இணைப்பு வாங்கிய குடும்பம் ஆண்டுக்கு எத்தனை சிலிண்டர் மாற்றுகிறது என்று பார்த்தால் நிலவரம் தெரியும். அரசின் கணக்குப்படியே 2019-20இல் சராசரியாக மூன்று, 2024-25இல் நான்கரை. மூன்று வேளைச் சமையலையும் கேஸிலேயே முடிக்கும் குடும்பத்துக்கு இது போதாது. டீ போடவும் அவசரத்துக்குக் குழம்பைச் சூடுபண்ணவும் கேஸ். சோறு பொங்கவும் வெந்நீர் வைக்கவும் மாட்டுக்குத் தீவனம் வேகவைக்கவும் விறகு. சிலிண்டர் விலை ஏறும் மாதங்களில் விறகின் பங்கு இன்னும் கூடுகிறது.

அடுப்பை முழுமையாக மாற்றிவிட்டால் என்ன நடக்கும்? இதற்கு விடை தேடிய பெரிய சோதனை ஒன்றில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகள் சேர்க்கப்பட்டார்கள். இந்தியப் பகுதியைச் சென்னை போரூரில் உள்ள ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களில் நடத்தினார்கள். பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும் பதினெட்டு மாதத்துக்கு இலவச எரிவாயுவும் வீடு தேடி வந்தன. மீதிப் பேர் வழக்கமான விறகு அடுப்பிலேயே சமைத்தார்கள். நெஞ்சுப் பக்கம் ஒரு சிறிய அளவுக்கருவி பொருத்திய மேலாடையை அணிந்துகொண்டு அந்தப் பெண்கள் வீட்டு வேலைகளைப் பார்த்தார்கள். அவர்கள் இழுக்கும் மூச்சுக்கு அருகிலேயே கருவியும் காற்றை இழுத்து அளந்தது. விறகு எரித்தவர்களின் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 70 மைக்ரோகிராம் நுண்துகள். எரிவாயு பயன்படுத்தியவர்களின் காற்றில் 24. மூன்றில் இரண்டு பங்கு புகை போய்விட்டது.

இருந்தும் பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதுவும் இல்லை. 2022-இல் வெளிவந்த இந்த முடிவு துறைசார்ந்தவர்களை அதிரவைத்தது. 2024-இல் வந்த அடுத்த முடிவும் அப்படியே: கைக்குழந்தைகளின் கடும் நிமோனியாவும் கணிசமாகக் குறையவில்லை.

‘அப்படியானால் கேஸ் கொடுத்தது வீண்தானே’ என்று இதைப் படிக்கக் கூடாது. 24 என்ற அளவே உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வகுத்த 5 என்ற வரம்பைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. வீட்டுக்குள் அடுப்பை அணைத்தாலும் பக்கத்து வீட்டு அடுப்பும் தெருமுனைக் குப்பைத் தீயும் செங்கல் சூளையும் நெடுஞ்சாலை லாரியும் அந்தக் காற்றில் இருக்கின்றன. மேலும், அடுப்பு மாறும்போது கர்ப்பத்தில் பல வாரங்கள் கடந்துவிட்டன. தாயின் ரத்தச்சோகையும் அரைவயிற்றுச் சாப்பாடும் அடுப்பு மாறியதால் மாறிவிடப்போவதில்லை. இந்தச் சோதனை சொல்வது ஒன்றுதான்: ஒரு ஏழைப் பெண் தன் சமையலறையில் எவ்வளவு மாற்றம் செய்தாலும், ஊருக்குப் பொதுவான காற்றை அவளால் மாற்ற முடியாது. அது அரசாங்கத்தின் வேலை.

அந்தப் பொதுக்காற்றில் இருப்பது என்ன? கண்ணுக்குத் தெரியும் தூசியை மூக்கும் தொண்டையும் பெரும்பாலும் தடுத்துவிடுகின்றன; தும்மியோ இருமியோ வெளியேற்றிவிடலாம். ஆபத்து பி.எம். 2.5 எனப்படும் நுண்துகளில் இருக்கிறது. தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குதான் அதன் அளவு. அது நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்ச்சேர்கிறது. அதிலும் மிகச் சிறியவை அங்கிருந்து ரத்தத்துக்குள் கடந்துவிடுகின்றன. உடல் அதை எதிர்த்துப் போராட, ரத்தக் குழாய்களின் உட்சுவரில் அழற்சி உண்டாகிறது. கொழுப்புப் படிவு வளர்கிறது. ரத்தம் உறையும் தன்மை கூடுகிறது. அதனால்தான் காற்று மாசு என்றதும் ஆஸ்துமாவையும் இருமலையும் மட்டும் நினைப்பது பாதிக் கணக்கு. மாரடைப்பும் பக்கவாதமும் இந்தப் பட்டியலில் முன்வரிசையில் இருக்கின்றன. வெளிக்காற்று மாசைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதிப்பட்ட பொருள்களின் முதல் வகையில் 2013-இல் சேர்த்தது சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை.

இப்போது சர்க்கரை நோயும் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. சென்னையிலும் டெல்லியிலும் 12,000-க்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, 2023-இல் வெளியான ஆய்வு இது. ஓராண்டுச் சராசரி நுண்துகள் அளவு 10 மைக்ரோகிராம் கூடினால் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 22 சதவீதம் கூடுகிறது. சர்க்கரை நோய் என்றால் அரிசிச் சோறு, நடக்காத கால், பரம்பரை என்றே பேசிப் பழகிய தமிழ்நாட்டில் இந்த முடிவு இன்னும் பரவலாகப் பேசப்பட்டிருக்க வேண்டும். தினமும் காலையில் நடைப்பயிற்சி போகச் சொல்கிறார் மருத்துவர். பேருந்தும் லாரியும் உறுமும் சாலையோரத்தைத் தவிர நடப்பதற்கு வேறு இடம் இல்லாதவர் எங்கே போவார்?

வளரும் நாடுகளின் சிக்கலே இதுதான். ஐரோப்பா தன் காசநோயையும் காலராவையும் பெரும்பாலும் அடக்கிய பிறகே மாரடைப்பையும் புற்றுநோயையும் பெரிய அளவில் எதிர்கொண்டது. இந்தியா, வங்கதேசம், நைஜீரியா போன்ற நாடுகளுக்கு அந்த இடைவெளி கிடைக்கவில்லை. உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ கால்வாசிப் பேர் இன்றும் இந்தியாவில்தான். காசநோய் தழும்பேற்றிவிட்டுப் போன நுரையீரலில் பின்னாளில் அடைப்பு நோய் வரும் வாய்ப்பு அதிகம். உத்தரப் பிரதேசத்திலோ பிகாரிலோ பிறந்து விறகுப் புகையில் வளர்ந்த ஒருவர், இருபது வயதில் திருப்பூருக்கோ சென்னைக்கோ வந்து கட்டடத் தூசியிலும் ஆலைத் தூசியிலும் வேலை பார்த்து, நாற்பது வயதில் நாற்சந்தியில் நின்று வாகனப் புகையை இழுக்கிறார் என்றால், ஒரே உடம்பில் பழைய இந்தியாவின் நோயும் புதிய இந்தியாவின் நோயும் ஒன்றாகக் குடியேறுகின்றன. 2016 நிலவரப்படி உலக மக்கள்தொகையில் 18 சதவீதம் இந்தியர்கள்; ஆனால் நாள்பட்ட சுவாச நோய்களால் உலகம் இழக்கும் நலவாழ்வு ஆண்டுகளில் 32 சதவீதம் இந்தியாவுடையது.

டெல்லியை ஒப்பிட்டுச் சென்னைவாசிகள் அடையும் ஆறுதலுக்கும் ஆதாரம் குறைவு. 2008 முதல் 2019 வரை பத்து இந்திய நகரங்களின் 36 லட்சம் இறப்புப் பதிவுகளை அலசிய ஆய்வு 2024 ஜூலையில் வந்தது. உலக சுகாதார நிறுவன வரம்பைத் தாண்டிய நுண்துகளால் இந்த நகரங்களில் ஆண்டுக்கு 33,000 பேர் இறப்பதாக அது மதிப்பிட்டது. டெல்லியில் 12,000, சென்னையில் 2,900. இன்னொரு கண்டுபிடிப்பும் அதில் உண்டு. பெங்களூரு, ஷிம்லா போலக் காற்று ஓரளவு நல்லதாக இருக்கும் ஊர்களில்தான், மாசு சிறிதளவு கூடினாலும் இறப்பு செங்குத்தாக ஏறுகிறது. கடற்காற்று இருக்கிறது, நமக்கென்ன என்பது சரிப்படாது.

இனி, ‘முதலில் வளர்ச்சி, பிறகு காற்று’ என்ற வாதத்துக்கு வரலாம். இதற்குப் பொருளாதாரத்தில் ஒரு புகழ்பெற்ற வளைகோடே இருக்கிறது. ஜீன் கிராஸ்மன், ஆலன் க்ரூகர் ஆகிய இருவரும் 1990-களில் பல நாடுகளின் தரவைத் திரட்டி, வருமானம் உயர உயர மாசு முதலில் ஏறுகிறது, ஒரு கட்டத்துக்குப் பிறகு இறங்குகிறது என்று காட்டினார்கள். அந்த இறக்கம் தானாக நிகழ்வதில்லை என்றும் அவர்களே எச்சரித்தார்கள். அமைச்சர்களும் தொழிலதிபர்களும் வளைகோட்டை எடுத்துக்கொண்டார்கள், எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

லண்டன் இதற்குப் பழைய சாட்சி. உலகின் மிகப் பணக்கார நகரங்களில் ஒன்றாக இருந்தபோதுதான், 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை நிலக்கரிப் புகையும் பனியும் சேர்ந்து அந்த ஊரை மூடின. ஏறத்தாழ 4,000 பேர் கூடுதலாக இறந்ததாக அன்றைய கணக்கு; அடுத்த சில மாதங்களின் இறப்பையும் சேர்த்தால் 12,000 என்பது பிந்தைய மதிப்பீடு. அந்தப் பிந்தைய மாத மரணங்களை அன்றைய சுகாதாரத் துறை இன்ஃப்ளூயன்சா மீது ஏற்றிவிட்டது. பணம் சேர்ந்ததால் லண்டன் தெளியவில்லை. 1956-இல் நாடாளுமன்றம் தூய காற்றுச் சட்டம் கொண்டுவந்த பிறகே தெளியத் தொடங்கியது.

சீனாவின் கதை இன்னும் பொருத்தமானது. 1950 முதல் 1980 வரையிலான திட்டமிடல் காலத்தில், ஹுவாய் ஆற்றுக்கு வடக்கே உள்ள நகரங்களுக்குக் குளிர்காலத்தில் இலவச நிலக்கரியும் கொதிகலனும் தருவது அரசுக் கொள்கை, தெற்கே கிடையாது. மக்கள்நலம் கருதி எடுத்த முடிவுதான் அது. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு ஆய்வாளர்கள் ஆற்றின் இரு கரையிலும் காற்றையும் ஆயுளையும் அளந்தார்கள். 2017-இல் வெளியான கணக்குப்படி, வடக்கே காற்றில் துகள் அளவு 46 சதவீதம் அதிகம். மக்களின் சராசரி ஆயுள் மூன்றாண்டுக்கும் சற்று மேலாகக் குறைவு. குளிருக்கு இதம் தரும் என்று கொடுத்த நிலக்கரி ஆயுளை எடுத்துக்கொண்டது.

2013 ஜனவரியில் பெய்ஜிங்கில் நுண்துகள் அளவு ஒரு கட்டத்தில் 800-ஐத் தாண்டியது. அமெரிக்கத் தூதரகத்தின் கூரையிலிருந்த கருவி அதை மணிக்கொரு முறை இணையத்தில் வெளியிட்டுக்கொண்டிருந்தது. ஆரம்பத்தில் சீன அதிகாரிகளுக்கு இது எரிச்சலூட்டியது. ஆனால் அதே மாதம் சீன அரசே 74 நகரங்களின் நேரடி அளவைகளை வெளியிடத் தொடங்கியது. செப்டம்பரில் காற்று மாசுத் தடுப்புச் செயல்திட்டம் வந்தது. 2014 மார்ச்சில் பிரதமர் லி கெச்சியாங் மாசுக்கு எதிராகப் போர் அறிவித்தார். பெய்ஜிங்குக்கு 2017-க்குள் 60 என்று இலக்கு வைத்தார்கள், 58-ஐ எட்டினார்கள். 2013-இல் 89.5 ஆக இருந்த ஆண்டுச் சராசரி 2021-இல் 33. இத்தனைக்கும் அந்த எட்டு ஆண்டுகளில் சீனப் பொருளாதாரம் நின்றுவிடவில்லை.

இதற்கு விலையும் உண்டு. 2017 குளிர்காலத்தில் ஹெபெய் மாகாணத்தில் நிலக்கரி அடுப்புகளைப் பிடுங்கிவிட்டு, மாற்று வந்து சேராமல், சில கிராமப் பள்ளிகளில் பிள்ளைகள் வகுப்பறைக் குளிர் தாங்காமல் வெளியே வெயிலில் உட்கார்ந்து படித்தார்கள். மேலிருந்து இலக்கு மட்டும் இறங்கினால் ஏழைகள்தான் அடிபடுவார்கள் என்பதற்கு அது சான்று. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காற்று இவ்வளவு தெளிந்தும், 2021-இல் காற்று மாசால் சீனாவில் 23 லட்சம் பேர் இறந்ததாகச் சர்வதேச மதிப்பீடு இருக்கிறது. மக்கள்தொகைக்கு வயதாகிறது, பல ஆண்டுகள் சுமந்த பாதிப்பு முதுமையில் வெளிப்படுகிறது. தாமதத்துக்கான தண்டனை தலைமுறைக் கணக்கில் நீள்கிறது என்பதால்தான் இந்தியா காத்திருக்கக் கூடாது.

இந்தியா என்ன செய்தது? நல்ல தொடக்கங்கள் இருந்தன. 1998-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டு, டெல்லியின் பேருந்துகளும் ஆட்டோக்களும் சில ஆண்டுகளில் சி.என்.ஜி.க்கு மாறின. 2015 டிசம்பரில் நிலக்கரி மின்நிலையங்களுக்குக் கறாரான உமிழ்வு விதிகள் அறிவிக்கப்பட்டன. 2017 டிசம்பருக்குள் நிறைவேற்ற வேண்டும் என்பது கெடு. கந்தக டை ஆக்ஸைடைப் பிடிக்கும் கந்தக நீக்கிக் கருவியைப் பொருத்துவதுதான் அதில் பெரிய வேலை. கெடு 2022-க்குத் தள்ளிப்போனது, பிறகும் தள்ளிப்போனது, இன்னொரு முறையும் தள்ளிப்போனது. கடைசியில் 2025 ஜூலையில், ஏறத்தாழ 78 சதவீத மின்நிலையங்களுக்கு அந்தக் கருவியே தேவையில்லை என்று விலக்கு கொடுத்துவிட்டது மத்திய அரசு. இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு, காற்றில் கந்தக டை ஆக்ஸைடு வரம்புக்குள் இருக்கிறது, செலவு அதிகம் என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். ஆனால் புகைபோக்கியிலிருந்து வெளியேறும் அந்த வாயு வாயுவாகவே இருந்துவிடுவதில்லை. காற்றில் போகப்போக சல்பேட் நுண்துகளாக மாறி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊரின் நுரையீரலில் இறங்குகிறது. வாயுவை மட்டும் அளந்துவிட்டு வரம்புக்குள் இருக்கிறது என்பது மக்களை ஏமாற்றும் கணக்கு.

2019-இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி உட்பட ஏறத்தாழ 130 நகரங்கள் இருக்கின்றன. ஒதுக்கிய பணத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சாலைப் புழுதியை அடக்கவே போயிருக்கிறது. ஆலைப் புகைக்குச் செலவானது ஒரு சதவீதம்கூட இல்லை என்று 2024-இல் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் சுட்டிக்காட்டியது. தண்ணீர் லாரியும் இயந்திரத் துடைப்பமும் வாங்குவது எளிது, திறப்புவிழாவும் நடத்தலாம். ஆலை முதலாளியிடம் போய் வடிகட்டி எங்கே என்று கேட்பது கடினம்.

நாடாளுமன்றத்தில் கேள்வி எழும்போதெல்லாம், இன்ன மரணம் காற்று மாசால் மட்டுமே நிகழ்ந்தது என்று நிறுவும் உறுதியான தரவு இல்லை என்ற பதிலே திரும்பத் திரும்ப வருகிறது. இறப்புச் சான்றிதழில் காற்று மாசு என்று எந்த மருத்துவரும் எழுதமாட்டார்; மாரடைப்பு என்றுதான் எழுதுவார். அதைக் காட்டிக் கைகழுவுவது நேர்மையல்ல. காற்றுக்கும் நோய்க்கும் உள்ள உறவை உலகம் பல வழிகளில் சோதித்துப் பார்த்துவிட்டது. அமெரிக்காவின் யூட்டா பள்ளத்தாக்கில் 1986 ஆகஸ்டில் தொழிலாளர் தகராறால் ஒரு எஃகு ஆலை மூடப்பட்டு, பதின்மூன்று மாதம் கழித்துத் திறந்தது. ஆர்டன் போப் என்ற பொருளாதாரப் பேராசிரியர் மருத்துவமனைப் பதிவேடுகளைப் புரட்டினார். ஆலை ஓடிய குளிர்காலங்களில் மூச்சுக்குழல் அழற்சிக்கும் ஆஸ்துமாவுக்கும் சேர்க்கப்பட்ட குழந்தைகள், ஆலை மூடியிருந்த குளிர்காலத்தைவிட இரண்டு, மூன்று மடங்கு அதிகம். 2008 ஒலிம்பிக்குக்காக பெய்ஜிங்கில் ஆலைகளையும் வாகனங்களையும் கட்டுப்படுத்தியபோது, எட்டாவது மாதக் கர்ப்பத்தில் அந்தத் தெளிந்த காற்றைச் சுவாசித்த தாய்மார்களின் குழந்தைகள் மற்ற ஆண்டுகளில் பிறந்தவர்களைவிடச் சராசரியாக 23 கிராம் கூடுதல் எடையுடன் பிறந்தன.

செய்ய முடியாது என்றும் சொல்ல முடியாது. குஜராத்தில் ஆலைகளின் புகையை அளக்கும் தனியார் தணிக்கையாளர்களுக்கு அந்த ஆலைகளே கூலி கொடுத்துவந்தன. எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் ஆராய்ந்தபோது, வரம்பு மீறிய ஆலைகளை ‘வரம்புக்குள் இருக்கிறது’ என்று எழுதிய அறிக்கைகள் ஏராளமாக இருந்தன. எந்த ஆலைக்கு எந்தத் தணிக்கையாளர் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்து, கூலியைப் பொதுநிதியிலிருந்து கொடுத்தார்கள். அறிக்கைகள் உண்மையாயின; ஆலைகளின் புகையும் குறைந்தது. அதே மாநிலத்தின் சூரத்தில் 2019 முதல், நிலக்கரி எரிக்கும் 317 ஆலைகளுக்கு மொத்தமாக ஒரு உமிழ்வு உச்சவரம்பு வைத்து, அதற்குள் வாங்கவும் விற்கவும் அனுமதிக்கும் திட்டம் சோதிக்கப்பட்டது. துகள் உமிழ்வு 20 முதல் 30 சதவீதம் குறைந்தது. ஆலைகளுக்கான செலவும் இறங்கியது. சூரத்தின் ஜவுளி ஆலைகள் இழுத்துமூடிவிட்டு ஓடவில்லை.

தமிழ்நாட்டில் இந்த விவாதம் முதலில் நடக்க வேண்டிய இடம் வடசென்னை. 1970-இல் எண்ணூரில் அனல் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. 2017-இல் அது மூடப்படுவதற்குள் வடசென்னை, வல்லூர் அனல் மின்நிலையங்களும் வந்துவிட்டன. பக்கத்தில் மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் உர, வேதிப்பொருள் தொழிற்சாலைகளும். துறைமுகத்துக்கு இரவும் பகலும் கண்டெய்னர் லாரிகள். கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் சாம்பல் படிந்து, மீனவர்கள் வலைவீசும் ஆழமே இல்லாமல் போன இடங்கள் உண்டு. கொடியில் காயும் துணியில் சாம்பல், மூடாமல் வைத்த குடத்துத் தண்ணீரில் சாம்பல். 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தபோது, பெரியகுப்பத்திலும் சின்னக்குப்பத்திலும் மக்கள் கண்ணெரிச்சலோடு இருட்டில் ஓடினார்கள். பலரை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது. அது செய்தியானது. ஆண்டு முழுக்க அங்கே பிள்ளைகளுக்கு வரும் வீசிங் செய்தியாவதில்லை. குழந்தையை நெபுலைசர் வைக்கத் தூக்கிக்கொண்டு போகும் நாளில் அப்பாவோ அம்மாவோ ஒரு நாள் கூலியை இழக்கிறார்கள். எண்ணூரில் எரியும் நிலக்கரியின் மின்சாரம் தி.நகரின் கடைகளுக்கும் பழைய மாமல்லபுரம் சாலையின் அலுவலகங்களுக்கும் போகிறது. சாம்பல் எண்ணூரிலேயே இறங்குகிறது.

காற்று மாசால் நேர்ந்த மரணமும் நோயும் 2019-இல் இந்தியாவுக்கு ஏற்படுத்திய உழைப்பு இழப்பின் மதிப்பு 2.6 லட்சம் கோடி ரூபாய்; நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 1.4 சதவீதம். மத்திய அரசு ஓராண்டில் சுகாதாரத்துக்கு ஒதுக்கும் தொகையைப்போல அன்றைக்கு அது ஏறக்குறைய நான்கு மடங்கு. கந்தக நீக்கிக்குச் செலவாகும் என்று சொல்பவர்கள் இந்தத் தொகையையும் அதே பேரேட்டில் எழுத வேண்டும். இப்போது அதை எழுதுவது இன்ஹேலர் வாங்கும் குடும்பங்கள்தான்.

நாட்டின் காற்றுத்தர வரம்பு 2009-இல் வகுக்கப்பட்டது, பி.எம். 2.5-க்கு ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பைப்போல எட்டு மடங்கான இந்த எண்ணைக் குறைக்க வேண்டும். 2025-இல் கொடுத்த கந்தக நீக்கி விலக்கைத் திரும்பப் பெற வேண்டும். இவை டெல்லியின் கையில் இருப்பவை. தமிழ்நாடு யாரையும் கேட்காமல் செய்யக்கூடியவையும் இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். எண்ணூர், மணலி, தூத்துக்குடி போன்ற ஊர்களில் அதோடு நுரையீரல் திறனறியும் பரிசோதனையையும் சேர்த்து, முடிவுகளை ஆண்டுதோறும் வார்டு வாரியாக வெளியிடலாம். உறுதியான தரவு இல்லை என்ற பதிலுக்கு அதைவிட நல்ல மறுப்பு கிடையாது. ஆலைப் புகைபோக்கிகளில் பொருத்தியிருக்கும் தொடர் கண்காணிப்புக் கருவிகளின் அளவைகளை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் எந்தக் குடிமகனும் கைபேசியில் தமிழில் பார்க்கும்படி திறந்துவிடலாம். தணிக்கையாளருக்கு ஆலையே கூலி கொடுக்கும் இடங்களில் குஜராத் செய்ததைச் செய்யலாம்.

வாக்குக் கேட்டு வீட்டு வாசலுக்கு வருபவர்களிடம் சாலை, குடிநீர், மின்விளக்கு கேட்பது தமிழக வாக்காளர்களுக்குப் பழகிய வழக்கம். இனி காற்றையும் கேளுங்கள்: பக்கத்தில் இருக்கும் மின்நிலையத்தில் கந்தக நீக்கி எந்தத் தேதிக்குள் பொருத்தப்படும், தெருவுக்கு அருகில் அளவுக்கருவி எப்போது வரும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.